பித்தளைச் சிலுவையில் ஓர் இனிஷியல்

தருமபுரம், காரைக்கால்
12.1.2025

ஆன்லினுக்கு,

அப்பா எழுதுவது. நீ கன்னியர் மடத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. முதல் வருஷம் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது நவதுறவக வருஷமாம், சிஸ்டர் ஆவதற்கு முந்தின பயிற்சியாம், போன் கூடாதாம், கடிதம் மட்டும்தானாம். அம்மா ஒரு கவரை வாங்கி என் முன்னால் வைத்து, "வாயால பேச மாட்டேங்கிறீங்க. பேப்பர்லயாவது பேசுங்க"ன்னு சொல்லிவிட்டுப் போனாள். அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. உன் அண்ணன் ரொனால்ட் ஒசூரில் வேலைக்குப் போகும்போது லேசர் மெஷின் ஒன்றை மாடியில் போட்டுவிட்டுப் போனான். பொழுதுபோக்காகப் பொருள்களில் பெயர் பொறிக்கிற சின்ன மெஷின். நான்கு கம்பி, நடுவில் ஒரு நீல வெளிச்சம், அவ்வளவுதான். ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை? கம்ப்யூட்டரில் பெயரை அடித்துக் கொடுத்தால் அந்த வெளிச்சம் போய்ப் போய் வந்து எழுதுகிறது. பச்சைக் கண்ணாடி போடாமல் பார்க்கக் கூடாது. பலகையில் எழுதினால் வீடெல்லாம் புகை. எவர்சில்வரில் எழுதினால் கறுப்பாக, அழகாக விழுகிறது.

வீட்டில் உள்ள டம்ளர், கரண்டி, தோசைத் திருப்பி எல்லாவற்றிலும் "இ. ஆரோக்கியசெல்வி" என்று போட்டுவிட்டேன். "இன்னும் என் நெத்தி ஒன்னுதான் பாக்கி" என்கிறாள் அம்மா.

நீ எப்படி இருக்கிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இஞ்ஞாசி


நவதுறவக இல்லம்
2.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். பிரித்துப் படித்தால் தோசைத் திருப்பி. சிரித்துக்கொண்டே அழுதேன் அப்பா. நான் நன்றாக இருக்கிறேன், அதை அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்களும் தெரிந்துகொண்டால் தப்பில்லை.

காலை நாலரைக்கு எழுப்புகிறார்கள். இங்கே குளிர் அதிகம். மாட்டுக் கொட்டகை இந்த மாதம் என் பொறுப்பு. ஒரு மாடு என்னை மட்டும் உதைக்கிறது.

சாயங்காலம் ஒரு மணி நேரம் எல்லாரும் சேர்ந்து பேசலாம். அப்போது உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எங்களைப் பயிற்றுவிக்கிற மதர் எமரென்சி உடனே பிடித்துக்கொண்டார். மே 31 அன்று நாங்கள் ஏழு பேர் முதல் வார்த்தைப்பாடு கொடுத்து சிஸ்டர் ஆகிறோம். அன்றைக்கு ஆளுக்கு ஒரு பித்தளைச் சிலுவை கழுத்தில் போடுவார்கள். ஆயுசுக்கும் அதுதான். மூத்த சிஸ்டர்களின் சிலுவையில் பெயர் இல்லாததால் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு தேடுகிறார்கள். "உங்க அப்பாவால பேர் போட்டுத் தர முடியுமா, கேட்டுப் பாரும்மா" என்றார் மதர். கேட்டுவிட்டேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். அன்றைக்குப் பெற்றவர்கள்தான் மகளைப் பீடம் வரை அழைத்துக்கொண்டு வர வேண்டும். அம்மாவிடம் கேட்டதற்கு, "அப்பாவைக் கேளு" என்று எழுதிவிட்டார். வருவீர்களா அப்பா?

உங்கள் ஆன்லின்


தருமபுரம்
20.2.2025

ஆன்லினுக்கு,

பித்தளையில் பிடிக்காது. உன் மதரிடம் சொல்லிவிடு.

சும்மா சொல்லவில்லை. நம் வீட்டுப் பழைய சாவி ஒன்றை வைத்து நான்கு நாள் பார்த்தேன். எவர்சில்வர் அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. பித்தளை கண்ணாடி மாதிரி அப்படியே திருப்பி அடிக்கிறது. வேகத்தைக் குறைத்தேன், ஏழு தடவை ஒரே கோட்டில் ஓட்டினேன். சாவி சூடானதுதான் மிச்சம். பெரிய கம்பெனி மெஷின் வேறு ஜாதி. இது விளையாட்டு மெஷின்.

வருவது பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது.

கேட்டதால் எழுதுகிறேன். நீ மடத்துக்குப் போகிற விஷயம் எனக்கு யார் சொல்லித் தெரியும்? பங்குச் சாமியார் சொல்லி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் நிற்கிறேன், "பாக்கியசாலிய்யா நீர்"ன்னு கையைப் பிடிக்கிறார். எதற்கென்று தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஊருக்கே தெரிந்த பிறகு தகப்பனுக்குத் தெரிகிறது.

கல்யாணம் ஆகிப் போகிற பெண்ணுக்கு இனிஷியல் மாறும். என் எழுத்துப் போய் இன்னொருவன் எழுத்து வரும். சரி, ஒருத்தன் பொறுப்பு விட்டு இன்னொருத்தன் பொறுப்பு. நீ போன இடத்தில் இனிஷியலே கிடையாதாமே. வெறும் சிஸ்டர் ஆன்லின். இருபத்தைந்து வருஷம் வளர்த்தவன் ஒரு எழுத்தாகக்கூட மிஞ்சவில்லை என்றால் நான் எதற்குப் பீடம் வரை நடக்க வேண்டும்?

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை.

இஞ்ஞாசி


நவதுறவக இல்லம்
6.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் மதர் சிலுவைகளைப் பார்சலில் அனுப்பிவிட்டார். ஏழும், சோதித்துப் பார்க்க ஒன்றும். முடியாவிட்டால் பரவாயில்லை, அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சாமியாரிடம் முதலில் சொன்னது தப்புதான். சாக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். உங்களிடம் சொல்லத்தான் அன்று சனிக்கிழமை கொல்லைப்பக்கம் வந்தேன். நான் பள்ளிக்கூட வேலைக்குப் போய்வர வாங்கிக் கொடுத்த ஸ்கூட்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தீர்கள். கையெல்லாம் கரி. நிமிர்ந்து பார்த்து, "இன்னும் ஒரு வருஷத்துக்கு உனக்குக் கவலையில்ல பாப்பா"ன்னு சொன்னீர்கள். அந்த முகத்தைப் பார்த்து, "நான் போகிறேன் அப்பா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீ வேணுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் சாமியாரிடம் எனக்காகச் சொல்லச் சொன்னேன். அவர் அதை வாசலில் வைத்துச் சொல்வார் என்று நினைக்கவில்லை.

உங்களை வேண்டாம் என்று நான் வரவில்லை அப்பா. ஒருவரை வேண்டும் என்று வந்தேன். இரண்டும் ஒன்றல்ல.

மாடு இப்போது உதைப்பதில்லை. நான் பாடினால் நிற்கிறது.

உங்கள் ஆன்லின்


தருமபுரம்
28.3.2025

ஆன்லினுக்கு,

பித்தளையில் எழுதிவிட்டேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். பாரதியார் சாலையில் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிற இக்பாலிடம் புலம்பினேன். அவர் சொன்னார்: "சார், வெளிச்சத்தாலதான் எழுதணும்னு யாரு சொன்னா? கறுப்பு பெயிண்ட் அடிங்க. லேசர் பெயிண்ட்டை மட்டும் எரிக்கட்டும். சர்க்யூட் போர்டு அரிக்கிற பவுடர் நம்மகிட்ட இருக்கு, செம்பைத் திங்கிறது பித்தளையையும் திங்கும்."

அதுதான் விஷயம். சிலுவை முழுக்கக் கறுப்பு பெயிண்ட் அடித்தேன். மெஷின் பெயர் இருக்கிற இடத்தில் மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டது. பிறகு அந்த ஃபெரிக் குளோரைடு பவுடர் கரைத்த தண்ணீரில் போட்டால், பெயிண்ட் இருக்கிற இடத்தை அது தொடாது, திறந்த இடத்தை மட்டும் அரிக்கும். கடைசியில் தின்னரால் துடைத்தால் எழுத்து பள்ளமாக நிற்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். தேய்த்தாலும் போகாது.

சோதனைச் சிலுவை கெட்டுப்போனது. என் கை எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் உரிந்து, அங்கெல்லாம் அரித்து, அம்மை போட்ட முகமாகிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "பித்தளையைப் புளி போடாம யாராவது வேலை செய்வாங்களா"ன்னு கேட்டாள். மற்ற ஏழு சிலுவைகளையும் அவளே புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். நம் ஊர் உப்புக் காற்றுக்கு அன்றைக்கே பெயிண்ட் அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி மங்கிவிடுகிறது. நாற்பது நிமிடம் ஊறினால் சரியான ஆழம். சாவியில் ஆறு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மற்ற ஆறு பெண்களின் இனிஷியலை எழுதி அனுப்பு. மதர் கொடுத்த சீட்டில் வெறும் பெயர்தான் இருக்கிறது. மின்துறையில் முப்பத்தைந்து வருஷம் இனிஷியல் இல்லாத ஒரு மீட்டர் கார்டு நான் எழுதியதில்லை.

ஸ்கூட்டி விஷயம் எனக்கு நினைவில்லை என்று எழுத நினைத்தேன். நினைவிருக்கிறது. நீ டீ கொண்டுவரவே இல்லை.

அப்பா


நவதுறவக இல்லம்
8.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடைசியில் இஞ்ஞாசி என்று போடாமல் அப்பா என்று போட்டிருக்கிறீர்கள். அதை மதரிடம்கூடக் காட்டினேன்.

இத்துடன் தனித்தாளில் ஆறு பேருக்கும் இனிஷியல் வைத்திருக்கிறேன். ஜெனிட்டாவுக்கு 'ம' என்று போடுங்கள். அவள் பிறக்கும் முன்பே அவள் அப்பா விட்டுப் போய்விட்டார். அம்மா பெயர் மரிக்கொழுந்து. பள்ளிச் சான்றிதழில் யாரோ ஒரு வாத்தியார் அப்பா எழுத்தைப் போட்டுவிட்டார், இவளுக்கு அது பிடிக்காது. நான் போய்க் கேட்டதும் அவள், "எனக்கு அம்மா எழுத்தே போடுவாங்களா?"ன்னு மூன்று தடவை கேட்டாள். போடுவார் என்று சொல்லிவிட்டேன்.

என் இனிஷியல் உங்களுக்குத் தெரியும்.

யார் யார் வருகிறார்கள் என்று மே முதல் தேதிக்குள் மதரிடம் சொல்ல வேண்டும். தங்க இடம், சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்வதற்காக. நான் இரண்டு பேர் என்று எழுதட்டுமா அப்பா?

உங்கள் ஆன்லின்


தருமபுரம்
25.4.2025

ஆன்லினுக்கு,

ஏழு சிலுவைகளும் முடிந்தன. பஞ்சு சுற்றி அனுப்பியிருக்கிறேன். மதரிடம் கொடுக்கவும்.

அம்மா வருவாள். எனக்கு முட்டி வலி, அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது. ஒருவர் என்று எழுதிக்கொள்.

அப்பா


நவதுறவக இல்லம்
4.5.2025

அப்பா,

பார்சலைச் சாப்பாட்டு மேசையில் வைத்து எல்லாரும் சேர்ந்து பிரித்தோம். அச்சுப் போல் இருந்தது எழுத்து. பெண்கள் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஜெனிட்டா தன்னுடையதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மதர் முகம் மாறியது. எங்கள் சபையில் வார்த்தைப்பாட்டுச் சிலுவையில் இனிஷியல் போடும் வழக்கம் இல்லையாம். எல்லாவற்றையும் விட்டு வருகிறோம் என்பதற்கு அடையாளமாம். நீங்கள் பழக்கத்தில் கேட்டீர்கள், நானும் பழக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். இங்கே இனிஷியல் கிடையாது என்று நீங்களே ஒருமுறை எழுதியும், இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. "அழிக்க முடியுமா?" என்று கேட்டார் மதர். பள்ளமாக இறங்கியிருக்கிறது, அழிக்க முடியாது என்றேன்.

பிறகு மதர் என் சிலுவையை எடுத்து எல்லாருக்கும் காட்டி, "இது ஒன்னுதான் சரியா இருக்கு" என்றார்.

அப்போதுதான் நான் பார்த்தேன். மற்ற ஆறு பேருக்கும் நீங்கள் இனிஷியல் போட்டிருக்கிறீர்கள். முகம் தெரியாத ஆறு பேரின் வீட்டு எழுத்தைக் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் வெறும் ஆன்லின்.

சரியான சிலுவை என்னுடையது மட்டும்தான் அப்பா. துணி துவைக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து அழுததும் நான் மட்டும்தான்.

ஜெனிட்டா சிலுவையைத் தலையணைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, கேட்டால் தர மாட்டேன் என்கிறாள். நேற்றுச் சாயங்காலம் எல்லாரையும் உட்காரவைத்து மதர் சொன்னார்: "ஊர்க்காரங்க இயேசுவையே 'இவர் தச்சன் மகன்தானே'ன்னுதான் கேட்டாங்க. அவர் அதை இல்லைன்னு சொல்லல. இருந்துட்டுப் போகட்டும் விடுங்க." அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகிவிட்டது.

எனக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் மறக்கிறவர் இல்லை. கோபம் என்றால் கோபம் என்றே எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன்.

ஆன்லின்


தருமபுரம்
11.5.2025

பாப்பாவுக்கு,

மறக்கவில்லை.

ஆறு பேருடையதையும் முடித்துவிட்டுக் கடைசியாக உன்னுடையதை எடுத்தேன். கம்ப்யூட்டரில் இ. ஆன்லின் என்றுதான் அடித்தேன். பிறகு அந்த 'இ'யையும் புள்ளியையும் அழித்தேன். கோபம்தான். நீயாக விட்டுவிட்டுப் போன எழுத்தை நான் எதற்கு வலியக் கொண்டுவந்து உன் கழுத்தில் மாட்ட வேண்டும் என்று நினைத்தேன். உன் மதர் அதைத்தான் சரி என்று சொல்வார் என்று எனக்கு என்ன தெரியும்? உனக்கு வலிக்கட்டும் என்று செய்தேன். இதைவிட வெளிப்படையாக எனக்கு எழுதத் தெரியாது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அரிக்கிற தண்ணீரில் இருந்து எடுத்துத் துடைத்தேன். ஆன்லின் என்று இருந்தது. யாரோ வழியில் கண்டெடுத்த பிள்ளை மாதிரி இருந்தது. அப்போதே இன்னொரு வழி யோசித்திருக்கலாம். வீம்பு, பஞ்சைச் சுற்றிப் பார்சலில் போட்டுவிட்டேன். அன்று ராச்சோறு இறங்கவில்லை. என்னவென்று அம்மா கேட்டதற்கு முட்டி வலி என்றேன். பிறகு அதையே உனக்கும் எழுதினேன். முட்டிக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை அம்மா படித்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. "பெத்த புள்ளைக்கு ஒரு எழுத்து போட மனசு வரலையாங்க"ன்னு மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெயரைக் குறுக்குக் கட்டையின் நடுவில், இரண்டு பக்கமும் சமமாக வைத்துவிட்டேன். முன்னால் இனிஷியல் போட இடம் இல்லை. கம்ப்யூட்டரில் அளந்து பார்த்தேன், மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. பெயருக்குக் கீழே, நேர்க் கட்டையில் போடலாம். பார்க்கிறவர்களுக்கு வினோதமாக இருக்கும். உனக்குச் சம்மதமா என்று யோசித்து வை. வேண்டாம் என்றால் வேண்டாம். உங்கள் சபை வழக்கப்படி நீ வைத்திருப்பதுதான் சரியானது.

சிலுவையைத் தபாலில் அனுப்பாதே. போகவர நாள் போதாது, தொலைந்தால் வேறு இல்லை. மெஷினைக் கழற்றிவிட்டேன், கம்பிகள் ஒரு பையில், தலை ஒரு பையில். 30ஆம் தேதி மத்தியானம் அங்கே இருப்பேன். மதரிடம் ஒரு மேசை, ஒரு பிளக் பாயின்ட், ஜன்னல் உள்ள ஓர் அறை கேட்டு வை. பெயிண்ட் எரியும்போது வாடை வரும். புளி அம்மா கொண்டுவருகிறாள்.

பட்டியலில் இரண்டு பேர் என்று மாற்றி எழுது.

அப்பா


நவதுறவக இல்லம்
17.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மாற்றி எழுதிவிட்டேன். தையல் அறையைத் தருகிறார்கள். ஜன்னல் இரண்டு இருக்கிறது.

கீழேயே போடுங்கள். எனக்குச் சம்மதம். மதர்கூட, "ஆறு பேருக்கு ஒரு விதம், ஒருத்திக்கு ஒரு விதமா இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

உங்களுக்கு வலிக்கட்டும் என்று நானும் ஒன்று செய்தேன். போன கடிதத்தில் "அன்புள்ள" என்பதை எழுதி, அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்து எழுதினேன். நான் உங்கள் மகள்தான், யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அம்மாவை விடுங்கள், வாந்தி வரும்.

உங்கள் ஆன்லின்


தருமபுரம்
5.6.2025

என் பாப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். மெஷினில் ஒரு ஸ்குரூ எங்கேயோ விழுந்துவிட்டது, தையல் அறையில் கிடந்தால் எடுத்து வை. வார்த்தைப்பாடு கொடுத்த கையோடு உன்னை ஒடிசா ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்று அங்கே வந்துதான் தெரிந்தது. நீ ரயில் ஏறுவதற்குள் கிடைக்கட்டும் என்று இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

அந்த ஓர் எழுத்து ஊறுகிற நாற்பது நிமிடமும் நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். எவ்வளவோ பேச நினைத்து வந்தேன். மாட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன். இதில் எழுதிவிடலாம் என்றால் இங்கேயும் அப்படித்தான் வருகிறது.

மறுநாள் பூசையில் நடந்ததற்கு அம்மா இன்னும் சிரிக்கிறாள். சிலுவையில் உள்ள இனிஷியல்படியே அப்பா அம்மா பெயரோடு சேர்த்துக் கூப்பிட வேண்டும் என்று மதர் சொல்லிவைத்திருப்பார் என்று எனக்கு என்ன தெரியும்? மரிக்கொழுந்தின் மகள் ஜெனிட்டா என்றதும் பின்னால் அந்த அம்மா விம்மியது கேட்டது. அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்து, "இஞ்ஞாசியின் மகள் ஆன்லின்" என்றார்கள். நீ எழுந்து, "இதோ வருகிறேன் ஆண்டவரே" என்று சொல்ல வேண்டியது. காதில் விழுந்தது என் பெயர்தான். நானும் சட்டென்று எழுந்து நின்று, "இருக்கேன்"ன்னு சத்தமாகச் சொல்லிவிட்டேன். கோயிலே சிரித்தது. ஆயரும் சிரித்தார். நீ திரும்பிப் பார்த்தாய், சிரிக்கவில்லை. உன் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

ஆபீஸில் பெயர் கூப்பிட்டு எழுந்த பழக்கம் என்று எல்லாரிடமும் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. உன்னைக் கொடுக்க வந்தவன் இருக்கிறானா என்று கேட்ட மாதிரிதான் எனக்கு இருந்தது. இரண்டு வருஷமாக யாரும் என்னிடம் கேட்கவில்லையே என்றுதான் கோபத்தோடு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் கேட்டார்கள், சொல்லிவிட்டேன். பீடம் வரை உன்னோடு நடந்தும்விட்டேன்.

புது ஊரில் மொழி தெரியாது, சாப்பாடு பிடிக்காது, ஒரு நாள் எதற்கடா வந்தோம் என்றுகூட இருக்கும். இருந்தால் எழுது. நான் இங்கே இருக்கேன். நீ தைரியமாகப் போ.

அப்பா